பிள்ளையாரிடம் கேட்ட வண்டி நம்பர்

தாத்தா காலமான மறு வருஷம், அவர் ஓட்டின மோட்டார் சைக்கிளை அப்பா பேருக்கு மாற்றுவதற்குள் எங்கள் வீடு பட்ட பாட்டைப் பிள்ளையார்தான் அறிவார்.

பட்டாளத்தில் ஏலம் விட்டபோது தாத்தா எடுத்த வண்டி அது. தஞ்சாவூரில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, வண்டி இஞ்சினில் அடித்திருக்கும் நம்பரும் மனுவில் எழுதிய நம்பரும் ஒன்றாயிருந்தால்தான் பேர் மாற்றுவாராம். ஒரு எண் பிசகினாலும் திருட்டு வண்டி என்று பிடித்து வைத்துக்கொள்வார்களாம். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் தகப்பனார் உட்கார்ந்த வண்டி அல்லவா.

வண்டியின் பழைய ஆர்.சி. புத்தகத்தில் பார்க்கலாமென்றால், கடைசி எண் இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. வண்டியில் பார்க்கலாமென்றால், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தாத்தா அப்பிய சந்தனம் அந்தக் கடைசி எண்ணின் மேல் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்ட அப்பா விடவில்லை. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் வேலை, கை சின்னது என்பதால் எனக்கு வந்தது. எல்லா எண்ணும் வந்தது. கடைசி ஒன்று மட்டும் மூன்றா, எட்டா என்று தெரியவில்லை.

சித்தப்பா கருப்புச் சட்டைக்காரர். வண்டியில் தன் பங்கு வேண்டாமென்று முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் அறுவடைக் கூலித் தகராறில் ஆட்கள் பக்கம் நின்றவர் என்று அப்பா அவரோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷமாகியிருந்தது. ஒரே கொட்டகையில் நின்றுகொண்டு இருவரும் என் வழியாகத்தான் பேசுவார்கள்.

"பாப்பா, மண்ணெண்ணெய தொட்டுத் தொடச்சா தெரிஞ்சுட்டுப் போவுதுன்னு ஒங்கப்பன்கிட்ட சொல்லு."

"எங்கப்பா கை வச்ச சந்தனம் அது. கருப்புச் சட்ட புத்தி எனக்கு வேணாம்னு ஒங்க சித்தப்பன்கிட்ட சொல்லும்மா. நான் பிள்ளையார்கிட்ட பூக்கட்டிக் கேட்டுக்கறேன்."

"பிள்ளையாரு எப்பம்மா பிரேக் இன்ஸ்பெக்டர் ஆனாரு?"

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா பல்லைக் கடித்தார்.

மறுநாள் காலை குளத்தங்கரைப் பிள்ளையார் முன் நின்றோம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மூன்று, சிவப்பு அரளி வந்தால் எட்டு. அப்பா கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். பூவை வாழையிலையில் மடித்தால் எனக்கு முடிச்சு நிற்கவில்லை. கேலி பண்ண வந்திருந்த சித்தப்பா, "குடு இங்க" என்று வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்து இரண்டு பொட்டலத்தையும் கட்டித் தந்தார். அவர் விரலில் மண்ணெண்ணெய் வாடை வந்தது.

குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுவில் எட்டு என்று எழுதி, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனோம்.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தனமாவது சாமியாவது. அழுந்தத் துடைத்துப் பார்த்தார். "எட்டு. சரியா இருக்கு, கொண்டு போங்க."

வந்ததும் நேரே குளத்தங்கரைக்குப் போய் அப்பா தேங்காய் உடைத்தார். வேடிக்கை பார்த்த சித்தப்பாவிடம் ஒரு சில்லை நீட்டி, "எடுத்துக்கடா" என்றார். நடுவில் நான் இல்லாமலே பேசிவிட்டார்.

அப்போதுதான் பீடத்தின் ஓரத்தில் கிடந்த மற்ற பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி.

பூக்கட்டிக் கேட்டதற்கு முந்தின நாள் அப்பா கண்ணயர்ந்தபோது சித்தப்பா நம்பரைத் துடைத்துப் பார்த்துவிட்டு, தன் கையாலேயே சந்தனம் குழைத்துப் பழையபடி அப்பிவைத்ததை அம்மா பார்த்திருக்கிறாள். அதை எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு அப்புறந்தான். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? சித்தப்பாவிடம் ஓடினேன்.

"சித்தப்பா, இதுலயும் செவப்பு! சாமி ரெண்டு தடவ சொல்லியிருக்கு!"

"ஒங்கப்பன்கிட்ட சொல்லிடாத. சாமி கோவிச்சுக்கும்."

அவர் வாயில் சாமி என்ற சொல்லா! சித்தப்பா திருந்திவிட்டார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. உடனே பிள்ளையார் காலடியிலிருந்து விபூதி அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைக் கருப்புச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க இருமினார். விபூதித் தூள் தொண்டையில் பட்டுவிட்டது, பாவம் என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.