முன்னால் இறங்கிய விமானம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு பேர் நான் பெற்றவர்கள்; ஐந்தாவது என் தங்கை. அம்மா போனபோது அவள் கைக்குழந்தை, எனக்குப் பதினான்கு வயது. தலையில் மீன் கூடை, இடுப்பில் அவள் என்று மண்டபத்தூரிலிருந்து காரைக்கால் வரை நடந்திருக்கிறேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் எதற்காகவும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

போன வருடம் கார்த்திகையில் மும்பையில் மகன் வீட்டில் இருந்தேன். சென்னையில் இருந்த தங்கை விடியற்காலையில் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. மின்மயானத்தில் ஐந்து மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது, நாலரைக்கு எடுத்துவிடுவோம் என்றார்கள். விமானத்தில் ஒரு இடம்தான் கிடைத்தது. மகன் என்னை ஏற்றிவிட்டான். சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று நடந்தே போனேன். இரண்டு மணிக்குச் சென்னையில் இறங்கிவிட்டால் அவள் முகத்தைப் பார்த்துவிடலாம்.

இரண்டு மணி ஆயிற்று. இறங்கவில்லை. வெயில் என் ஜன்னலில் விழுந்தது, எதிர்ப்பக்கம் போனது, திரும்ப என்னிடமே வந்தது. படகில் போய்ப் பழகியவளுக்கு இது போதும். ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண், வங்கியில் வேலை. அவளிடம் கேட்டேன்.

"கீழ மழைம்மா. ஒரே நேரத்துல நிறைய பிளேன் வந்து நிக்குதாம். டவர்ல ஒருத்தர் உக்காந்து வரிசை சொல்லுவாரு. அவரு கூப்புடுற வரைக்கும் மேலயே சுத்தணும்."

"எனக்கு நாலரைக்குள்ள போவணும். ஓட்டுறவங்ககிட்ட சொல்லி நம்மள முன்னாடி விடச் சொல்லும்மா."

முன் இருக்கையில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். "ஏன் பாட்டி, இது என்ன ஷேர் ஆட்டோவா, சந்துல பூந்து போறதுக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"உங்கள யாரும் கேக்கல தம்பி. கையில இருக்குற பொட்டலத்த தின்னுங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது ஜன்னல் வழியே இன்னொரு விமானம் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தது. அது பாட்டுக்கு எங்களைத் தாண்டி மேகத்துக்குள் இறங்கிப் போனது. என்னால் அடக்க முடியவில்லை. "பின்னாடி வந்தவன முதல்ல எறக்குறாங்க. எவனோ பெரிய மனுசன் போறான். அவன் நல்லாயிருப்பானா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

சற்று நேரத்தில் விமானி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பிளேன்ல ஒருத்தருக்கு நெஞ்சுவலியாம்மா. அதான் எல்லாரையும் நிறுத்திட்டு அத மொதல்ல எறக்குறாங்க."

 எங்கள் ஆற்று முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் உள்ளே வரும். மற்றவை வெளியே அலையில் ஆடிக்கொண்டு நிற்கும். உடம்பு முடியாத ஆள் இருக்கிற படகில் துண்டைத் தூக்கிக் காட்டுவார்கள். பார்த்ததும் எல்லோரும் விலகி வழிவிடுவார்கள். இறந்தவரைக் கொண்டுவருகிற படகு துண்டு காட்டாது. தன் முறை வரும்வரை நிற்கும். என் வீட்டுக்காரர் அப்படித்தான் கரைக்கு வந்தார். அவருக்கு முன்னால் மூன்று படகுகள். அவை ஒவ்வொன்றாக உள்ளே வருவதைக் கரையில் நின்று பார்த்தேன். யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. அது என் முப்பத்தெட்டாவது வயதில். அன்று தெரிந்திருந்தது, எழுபத்தோரு வயதில் தெரியாமல் போய்விட்டது.

மூன்றே காலுக்கு இறங்கினோம். வெளியே மழை, வழியெல்லாம் வண்டிகள். போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஆகப்போகும் நேரம். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசல்படி ஈரமாக இருந்தது.

தங்கை மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலே முக்கால் வரைக்கும் வெச்சிருந்தோம் பெரியம்மா. ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"எனக்கு முன்னாடி ஒருத்தரு எறங்க வேண்டியிருந்துச்சும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அந்த மனிதர் பிழைத்தாரா என்று தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தங்கைக்கு விளக்கு ஏற்றும்போது, அவர் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். நான் வாய்விட்டுச் சொன்னதற்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதினாள். "எங்க, முழுசா ஒரு தடவ படி. எனக்கு நல்ல பேர் வரணும்னு எதயும் மாத்திடாத" என்றேன் அவளிடம்.