மிலாதிஸுக்கு ஒரு மரக்கூடு

எவேலியோ தூரிஸோ ஆற்றங்கரை ஊரான மோம்போஸில் சாய்ந்தாடும் நாற்காலி செய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. அவருடைய மனைவி மிலாதிஸ் அதற்கு நேர்மாறு. ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எதுவானாலும் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய் நிற்பாள். நெஞ்சில் கட்டி வந்து அவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அவளுடைய புகைப்படம் ஒன்றிரண்டுதான் மிஞ்சியது. கேமராவுக்குப் பின்னால் நின்றவள் முகம் எந்தப் படத்தில் இருக்கும்? ஆனால் குரல் இருந்தது. "மாப்பிள்ளைக்கு என்ன வயித்து வலியா? சிரிக்கச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு வீடியோவிலும் அதட்டிக்கொண்டிருந்தாள். இழைப்புளி பிடிக்கிற நேரமெல்லாம் எவேலியோ அதைத்தான் ஓடவிட்டுக் கேட்பார்.

கணினிக் கடை யாயிர் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றித் தந்திருந்தான். ஒன்றில் இருப்பதே மற்றதிலும். ஒன்று போனாலும் இன்னொன்று காக்கும். ஆனால் அவற்றை வைத்திருந்த தகரப் பெட்டி, ஆற்று ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிட்டது.

"மரத்துல நானே செஞ்சிடறேன்" என்றார் எவேலியோ.

"செய்ங்க மாஸ்டர். ஆனா இது சூடாகிற சாமான். காத்து உள்ள வரணும், வெளிய போகணும். மூச்சு முட்டுச்சுன்னா அவ்ளோதான்" என்றான் யாயிர்.

"ஜன்னல் வெச்சுட்டாப் போச்சு."

கரையான் தொடாத செத்ரோ மரத்தில், ஆணியில்லாமல் பல்லோடு பல் கோத்துச் செய்தார். முதலில் டிஸ்க் சுற்றியபோது பெட்டி முழுவதும் கிதார் வயிறு மாதிரி ரீங்கரித்தது. பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு அடியில் கொடுத்ததும் அடங்கியது. முன்னும் பின்னும் மரச் சல்லடை. பின்பலகைக்கு மட்டும் திருகாணி. நாற்காலியை விட்டால் அவர் கைக்குத் தெரிந்தது புனிதர் சிலை வைக்கிற சுரூபக் கூடுதான். அதனால் மேலே ஒரு வளைவு, இரண்டு குட்டிக் கதவு, உச்சியில் ஒரு பூ எல்லாம் தானாக வந்து சேர்ந்தன.

"என்ன மாஸ்டர், கிளி செத்துருச்சா? சவப்பெட்டி ஜோரா இருக்கே" என்றார் எதிர்வீட்டு வில்பிரிதோ.

"உனக்குத்தான் அளவெடுத்தேன். தலை மட்டும் நுழையல."

மின்சாரப் பிளக் இருந்த இடம் கூடத்து மூலை. அங்கேதான் வியாகுல மாதா சுரூபமும் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன; பெட்டியின் வயர் எதிரே இருந்த பழைய கணினிக்குப் போனது.

எவேலியோவோடு இருப்பது அவருடைய விதவை அக்கா செனோபியா. மிலாதிஸ் ஒருமுறை கோயில் பெஞ்சின் மேல் ஏறி நின்று படம் பிடித்ததை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் பல வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மிலாதிஸின் அடக்கத்தன்றும் செனோபியா அழுததாக யாரும் பார்க்கவில்லை.

புனித வாரம் வந்தது. பெரிய வியாழன் காலை பெட்டியை அணைக்காமலே சப்பரம் தூக்கப் போன எவேலியோ, வெள்ளிக்கிழமை காலையில்தான் தோள் வீங்கி வீடு திரும்பினார். புனித வாரத்தில் சுரூபங்களை மூடிவைக்கும் வழக்கப்படி கூடத்தில் மாதாவுக்கு ஊதாத் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் இன்னொரு ஊதா உருவம் நின்றது. சூடேறிய மரத்தின் வாசனை. சத்தம் எதுவும் இல்லை.

துணியை இழுத்தார். பெட்டியைத் தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார்.

"யாரு போத்தினது?"

அடுப்படியிலிருந்து செனோபியா வந்தாள். "நான்தான். எல்லாருக்கும் போத்திட்டு அவளை மட்டும் எப்படிடா விடறது?"

எவேலியோ சுவிட்சை அணைத்தார். மறுபடி தட்டினார். ஒரு டிஸ்க் இரண்டு தரம் 'டொக்' என்றுவிட்டு நின்றது. மற்றது அசையவே இல்லை.

"என்னடா ஆச்சு?"

"மூச்சு முட்டிருச்சுக்கா. உள்ள அவ குரல் இருந்துச்சு. இனிமே இருக்குமோ என்னமோ."

பெரிய வெள்ளியன்று மோம்போஸில் யாரும் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். ஆணி அடித்தால் ஆண்டவர் மேனியில் அடித்ததாக ஆகும். எவேலியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செனோபியா பட்டறைக்குப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தாள்.

"கழட்டு."

"இன்னிக்கா?"

"பாவம் என் கணக்குல போகட்டும். கழட்டுடா."

பின்பலகை கழன்றது. செனோபியா தரையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசினாள். மரம் ஆறும்வரை நிறுத்தவில்லை. மறுபடி சுவிட்சைத் தட்டியபோது அசையாமல் கிடந்த டிஸ்க் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. மற்றது போனது போனதுதான்.

எவேலியோ கைக்கு வந்த வீடியோவைத் திறந்தார். ஏதோ ஒரு ஞானஸ்நான விருந்து. பச்சைக் கவுனில் செனோபியா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"செனோபியாக்கா, இந்தப் பக்கம் ஒருவாட்டி பாருங்க. இன்னிக்கு அழகா இருக்கீங்க" என்றது மிலாதிஸின் குரல்.

திரையில் செனோபியாவின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு எனக்குக் கேக்கலடா" என்றாள் தரையிலிருந்த செனோபியா.

எவேலியோ தலையாட்டினார்.

வெளியே மதியச் சப்பரத்துக்கு மரக்கட்டை தட்டிக் கூப்பிட்டார்கள். கோயில் மணி அன்று பேசாது. அவர் திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ போ. மறுபடி சூடாகாம நான் வீசிட்டு இருக்கேன்" என்றாள் செனோபியா. "அதை நிறுத்தாத. ஓடட்டும்."