கல்லை வேக வைத்த வாத்தியார்

கிள்ளானில், வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் உப்புத்தண்ணீர் மீன் விற்கும் ஒரு கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

1. தினம் ஒரு போட்டோ

இளங்கோ சார் இடைநிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. மூன்றடித் தொட்டி ஒன்றைப் புதிதாக வைத்து, லைவ் ராக்கை எங்களிடம் வாங்கினார். லைவ் ராக் என்றால் கடலில் கிடந்த கல். ஈரம் காயாமல் கொண்டுவருவதால் அதன் பொந்துகளில் இருக்கும் புழு, நத்தை, நண்டு எல்லாம் உயிரோடு கூடவே வந்துவிடும். வாங்குகிறவர்களிடம் எத்தனை தடவை சொன்னாலும், தொட்டியில் எதுவோ நெளிவதைப் பார்த்ததும் போன் வரும்.

"அக்கா, பாம்பு! கல்லுக்குள்ள பாம்பு இருக்கு!"

"பாம்பு இல்ல சார், பிரிசல் வோர்ம்னு ஒரு புழு. மிச்சம் விழுற தீனியைத் தின்னுக்கிட்டு சும்மா கிடக்கும், விடுங்க. வெறுங்கையால மட்டும் தொடாதீங்க, முள்ளு ஏறிடும்."

மறுநாள் பொந்திலிருந்து நீண்ட ஒரு மெல்லிய கை. அது நட்சத்திர மீன் வகை. அதற்கு மறுநாள் கண்ணாடியில் ஓடும் பொடிப்பொடியான வெள்ளைப் பூச்சி. அது மீனுக்குத் தீனி. போட்டோ வந்த ஒரு நிமிடத்தில் பெயர் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இரண்டாவது வாரம் அலுத்துப்போய், பிள்ளை பெற்ற வீட்டில்கூட இத்தனை போட்டோ எடுக்க மாட்டார்கள் என்று கடையில் எல்லாரிடமும் கேலி பேசினேன்.

2. சனிக்கிழமை காலை

அன்று புதுச் சரக்கு இறங்கியிருந்தது. முப்பது நாற்பது மீன் பைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. கை நிறைய வேலை. இளங்கோ சாரின் போட்டோ வந்தது. கல்லின் மேல் பழுப்பாக, ஓரத்தில் மயிர் போல நீட்டிக்கொண்டு நாலைந்து. போட்டோவைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. அய்ப்டேசியா என்று நினைத்தேன். அது கல்லில் ஒட்டி, பூ மாதிரி விரிந்து, பெருகித் தொல்லை கொடுக்கும் ஒரு சனியன். ஊசியில் வெந்நீர் ஏற்றி அதன் வாயில் விட்டால் செத்துவிடும்.

ஈரக் கையோடு டைப் செய்தேன்: "அய்ப்டேசியா சார். வெந்நீர் போதும், செத்துரும்."

ஊசி என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி போனை எடுத்தேன். அவர் இன்னொரு போட்டோ அனுப்பியிருந்தார். கல் முழுதாகச் சோற்றுப்பானைக்குள் இருந்தது. கீழே, "எவ்வளவு நேரம் கொதிக்கணும் அக்கா?"

இந்தப் போட்டோ கிட்டத்தில் எடுத்தது. அய்ப்டேசியா தனித்தனியாக, நீளத் தண்டோடு நிற்கும். இவை குட்டையாக, சட்டைப் பொத்தான் போல, அடியில் ஒரே தோலால் ஒட்டியிருந்தன. பாலித்தோவா. பவளத்துக்கு உறவான உயிர், சில வகைகளின் உடம்பில் இருக்கும் விஷம் ஆளைக் கொல்லும். தொட்டியில் அதன் பாட்டுக்கு இருக்கும் வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் நீராவியோடு மூச்சில் ஏறும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து இது.

மெசேஜ் வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மூன்றாவது தடவை அவர் மனைவி மாலா எடுத்தாள்.

"அவரு கிச்சன்ல இருக்காரு அக்கா. நாத்தம் தாங்கலன்னு நான்தான் கதவைச் சாத்தச் சொன்னேன்."

"மாலா, நீ உள்ள போகாத. வெளியே நின்னே கத்து. அடுப்பை அணைச்சிட்டு உடனே வெளியே வரச் சொல்லு. பானையைத் திறக்க வேணாம், எதையும் தொட வேணாம். ரெண்டு பேரும் வீட்டை விட்டு இறங்குங்க, இப்பவே!"

"என்னக்கா, பயமுறுத்துறீங்க?"

"இறங்கு மாலா!"

அவள் கத்தியதும், கதவு திறந்ததும், அவர் இருமிக்கொண்டே வந்ததும் எனக்குப் போனில் கேட்டது. "சும்மா இருமல்தான் லா, ஒண்ணும் இல்ல" என்றார். வாயெல்லாம் கசக்கிறது என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கம் போல நெரிசல்.

3. பச்சைப் பகுதி

நான் போனபோது அவரை அவசரப் பிரிவில், ரொம்ப அவசரமில்லாதவர்கள் காத்திருக்கும் பச்சைப் பகுதியில் உட்கார வைத்திருந்தார்கள். இருமல், லேசான காய்ச்சல் என்று எழுதியிருந்தது. அவருக்கோ பல் அடித்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர். ஒவ்வொரு மூச்சையும் சிரமப்பட்டு இழுத்து விட்டார்.

கவுண்டருக்கு ஓடும்போது தௌக்கே போன் செய்தார். எங்கள் முதலாளி, நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்துவிட்டார். "ராணி, ஜாங்கான் சாக்காப் கித்தா சுரோ லா." நாம் சொல்லித்தான் செய்தார் என்று சொல்லிவிடாதே என்கிறார். போனை வைத்துவிட்டுக் கவுண்டரில் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

இளம் டாக்டர் ஒருத்தி வந்தாள். தமிழ்ப் பெண். நான் சொன்னதை அவள் முதலில் நம்பவில்லை.

"கல்லை வேக வச்சாரா? கல்லை எதுக்கு ஆன்டி வேக வைக்கணும்?"

மாலா என் முகத்தைப் பார்த்தாள். அவராகவே செய்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால், ஏதோ கிறுக்கு வேலை செய்து புகையை மூச்சில் இழுத்தவர் என்று அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள்.

"நான் சொன்னேன் டாக்டர். மீன் கடையில வேலை பாக்கிறேன். அது என்னன்னு தப்பா சொன்னதும் நான்தான். அது பாலித்தோவா, விஷம் உள்ளது. அந்த ஆவியை அரை மணி நேரம் மூடின ரூம்ல மூச்சு இழுத்திருக்காரு."

இரண்டு போட்டோவையும், நான் அனுப்பிய மெசேஜையும் காட்டினேன்.

"எனக்கு இதைப் பத்தித் தெரியாது. கேட்டுட்டு வரேன்" என்று போனை எடுத்தாள். யாரிடமோ பாலித்தோவா என்ற பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் அவரைத் தள்ளுபடுக்கையில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மாலா என் பக்கம் திரும்பாமல் படுக்கைக்குப் பின்னாலேயே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4. வார்டில்

இரண்டு நாள் அவர் தேறுவாரா என்று தெரியாமல் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பானையை முகமூடி, கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு நானே எடுத்து, பிளீச் ஊற்றி அப்புறப்படுத்தினேன். மூன்றாம் நாள் மூச்சு சீரானது. பார்க்கப் போனேன்.

குரல் கம்மிப்போயிருந்தது. "அக்கா, நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்? நான் எங்க தப்பு பண்ணேன்?"

படுக்கையில் கிடந்துகொண்டும் கணக்கு வாத்தியார் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல சார். நான் போட்டோவைச் சரியா பாக்கல. பாக்காமலே சொல்லிட்டேன்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே அக்கா. நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்."

அதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் தெரியல என்ற சொல்லை நான் சொன்னதில்லை. சொன்னால் மரியாதை போய்விடும் என்று இருந்தேன். அதன் பிறகு வேலையில் இருந்தவரை தினமும் சொன்னேன். தெரியல சார், கல்லைத் தொடாதீங்க, நான் நேரில் வந்து பாக்கிறேன்.