ஏர்கோன் குளிரில் விற்ற கம்பளி

1. முதல் கடை

ஓய்வு பெற்ற மறு மாதமே எனக்கு ஒரு பதவி கிடைத்தது. மலாக்காப் பக்கம் லூபோக் சீனா என்ற ஊரின் பெண்கள் கூட்டுறவுக் குழுவுக்குச் சந்தை ஆலோசகர். சம்பளம் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அரசாங்கக் கொள்முதல் பிரிவில் வாங்கியே பழகியவனுக்கு விற்கவும் தெரியும் என்று நம்பிவிட்டார்கள்.

கம்பளிப் பிரிவைக் கவனித்தவர் சாந்தி. ரப்பர் மரங்களுக்கு அடியில் மேயும் செம்மறிகளின் ரோமத்தைக் கத்தரித்து, கழுவி, நூற்று, போர்வை நெய்தார்கள். தொழிற்சாலையின் நைட் ஷிப்டை உதறிவிட்டு இதில் இறங்கியவர் அவர். ஆண்டுக் கூட்டத்துக்குள் ஒரு பெரிய ஆர்டராவது வராவிட்டால் பிரிவை மூடுவதென்று குழு முடிவெடுத்திருந்தது. மூடினால் அவருக்கு மறுபடியும் ஷிப்டுதான்.

ரெம்பியா இரவுச் சந்தையில் கடை போடச் சொன்னேன். லைசென்ஸ் மனு, இடத்துக்கான மனு எல்லாம் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். இந்தப் புழுக்கத்தில் கம்பளிப் போர்வையை யார் வாங்குவார் என்ற கேள்வி எந்த மனுவிலும் இல்லை.

மீன் பையோடு வந்த ஓர் அம்மா போர்வையைத் தடவிப் பார்த்தார்.

"இதப் போத்திக்கிட்டு எங்க போறது அங்கிள்? பிரிட்ஜுக்குள்ளயா?"

கடையைக் கட்டும்போது சாந்தி சொன்னார்: "ஷிப்ட் யூனிபார்ம் இன்னும் அலமாரிலதான் இருக்கு, அங்கிள்."

2. பிரிட்ஜ் இருந்த இடம்

சில நாள் கழித்துப் பென்ஷன் வேலையாக மலாக்கா நகரில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த விமலா இரண்டு ஜாக்கெட் போட்டு, முழங்காலைத் துண்டால் சுற்றியிருந்தார். ஏர்கோனைக் குறைக்கச் சொல்லலாமே என்றேன்.

"கம்ப்ளேன் கொடுத்தாச்சு அங்கிள். ஆள் வந்து பார்த்து, எல்லாம் ஓகேன்னு சைன் வச்சிட்டுப் போயிட்டாரு லா."

அந்த நடைமுறை எனக்கு அத்துப்படி. புகார் கட்டடப் பிரிவுக்குப் போகும், பிறகு ஏர்கோன் பராமரிப்புக் குத்தகையாளருக்கு. அவர் அனுப்பும் ஆள் வெப்பமானியைப் பார்ப்பார். நடுங்குகிறவரைப் பார்ப்பது அவர் வேலை அல்ல. ஊரில் இப்படி எத்தனை அலுவலகங்கள்! தினமும் காலையில் பஞ்ச் கார்டு தட்டிவிட்டு மக்கள் பிரிட்ஜுக்குள்தான் போகிறார்கள்.

வெளியே வந்ததும் சாந்திக்குப் போன் செய்து, மடியில் போடுகிற அளவில் சின்னதாக நெய்யச் சொன்னேன். ரோமம் குத்தும் என்றவர், உள்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைக்கும் வழியையும் அவரே சொன்னார். முதல் விரிப்பை விமலாவிடம் கொடுத்தோம். அது கவுண்டர் கவுண்டராக மடி மாறியது. ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே அந்த அலுவலக ஊழியர் நலச் சங்கம் மொத்தமாக ஆர்டர் கொடுத்தது. கம்பளிப் பிரிவு தப்பியது.

3. சரி செய்யப்பட்ட ஏர்கோன்

விரிப்புகள் தயாராகிக்கொண்டிருந்தபோது விமலா கூப்பிட்டார். "அங்கிள், ஏர்கோன் மாத்திட்டாங்க."

என் பணிக்காலத்தில் ஒரு புகார்கூட இவ்வளவு சுறுசுறுப்பாகக் கவனிக்கப்பட்டதில்லை. ஆர்டரை ரத்து செய்வார்களோ என்று நானும் சாந்தியும் ஓடினோம். கதவைத் திறந்ததும் சாந்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். விமலா விரிப்பைக் கழுத்துவரை ஏற்றியிருந்தார்.

"பழசே தேவலாம் அக்கா. மேல் மாடிக்கும் விரிப்பு வேணுமாம்."

"கொஞ்சம் டைம் கொடுங்க. லைனிங் துணி தீர்ந்துபோச்சு. என் யூனிபார்மையே வெட்டித் தச்சிட்டேன்" என்றார் சாந்தி.

புதிய சந்தை தேடும் இளையவர்களுக்கு என் ஆலோசனை: முறைப்படி தீர்த்துவைக்கப்பட்ட புகார்களை விசாரியுங்கள். புகார் கொடுத்தவர் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருப்பார்.