பாவா நின்ற கட்டம்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் மேசைமேல் ஒரு வண்ண அட்டை இருக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சின்னச் சின்னக் கட்டங்கள். வருகிறவரின் வயது, ரத்த அழுத்தம், எடை, பீடி சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் கேட்டு விரலை நகர்த்திக்கொண்டே போனால் ஏதாவது ஒரு கட்டத்தில் வந்து நிற்கும். அடுத்த பத்து வருஷத்துக்குள் அவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்று அந்தக் கட்டத்தின் நிறம் சொல்லும். நான் நர்ஸ். திருத்தணிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பாதி நாள் இந்த விரல் நகர்த்தும் வேலைதான். பச்சை வந்தவர்கள் பரீட்சையில் பாஸானதுபோல் எழுந்து போவார்கள். சிவப்பு வந்தவர்கள், என்னமோ நான்தான் அந்தக் கட்டத்துக்குச் சாயம் அடித்ததுபோல், என்னை முறைப்பார்கள்.

ஓர் ஆடி மாதம் அக்காவும் பாவாவும் வந்தார்கள். பாவா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். தெலுங்கு கலந்த எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு சேர்த்து பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறார். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகிவிட்டதால் கோயிலில்கூடக் கத்தித்தான் பேசுவார். அவருடைய அண்ணனும் இதே தொழில்தான். ஒருநாள் மத்தியானம் ஓடுகிற தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகும் பாவா பீடியை விடவில்லை. அக்காவை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

பாவா ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மாலை போட்டுவிட்டால் அவர் சாமி. பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது. அந்த நாட்களில் மாலை போட்டவர்கள் கறி, பீடி எதையும் தொட மாட்டார்கள். பிறகு மலையேறிக் காவடி செலுத்தி, மாலையைக் கழற்றி, இறங்கி வந்த கையோடு தறிக்காரக் கூட்டாளிகள் அடிவாரத்தில் வட்டமாக நின்று முதல் பீடியைப் பற்றவைப்பார்கள். வருஷா வருஷம் அதுவும் ஒரு வேண்டுதல் மாதிரி தவறாமல் நடக்கும்.

"பீடி குடிக்கிறீங்களா, சாமி?" என்று கேட்டேன். கேலிதான்.

"இல்லியே. மாலை போட்ட வாயால பொய் சொல்வனா?"

அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் சிக்கலே. பீடியை விட்டு ஒரு வருஷம் ஆகாதவரை, குடிக்கிறவர்கள் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அட்டையின் விதி. என் விரல் அந்தப் பக்கமே போய், சிவப்பை ஒட்டிய ஆரஞ்சில் நின்றது.

"இன்னா டாக்டரம்மா, இல்லன்றேன், நீ பாட்டுக்கு அந்தப் பக்கமே போய்கினு கீற?"

"ஒரு வருஷம் ஆகணும், பாவா."

"முருகனே ஒத்துக்கினாரு. உன் அட்டை ஒத்துக்காதா?"

பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவரைப்போல வயசும் அழுத்தமும் பழக்கமும் உள்ளவர்களை ஒரு கூட்டமாக நிற்கவைத்தால், அதில் சிலருக்குக் கண்டிப்பாக வரும் என்றேன்.

"அந்தக் கூட்டத்துல நான் யாரு? வர்றவனா, வராதவனா?"

"அது யாருக்கும் தெரியாது, பாவா."

"பின்ன இன்னாத்துக்கு இந்த அட்டை?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சா அந்த ஒருத்தர மட்டும் புடிச்சு வெச்சு வைத்தியம் பண்ண மாட்டனா? தெரியாததாலதான் எல்லார் உயிரையும் வாங்கினு இருக்கேன்" என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவா அழுத்த மாத்திரையை மட்டும் வாங்கி மடியில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

கிருத்திகையன்று எனக்கு அடிவாரத்து மருத்துவ முகாமில் டூட்டி. மயங்கி விழுகிறவர்களுக்கும் சுடுதரையில் கால் பொரிந்தவர்களுக்கும் நடுவில், கூட்டாளிகளோடு பாவா இறங்கி வருவதைப் பார்த்தேன். கழுத்தில் மாலை இல்லை. ஒருவர் பீடியை நீட்டினார், இவரும் வாங்கிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். அவரோ தீப்பெட்டியைத் தள்ளிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, பற்றவைக்காத பீடியை என் மேசையில் வைத்தார்.

"ஒரு வருஷம்தான? பாத்துடலாம், உன் அட்டையா நானான்னு."

ரோஷம்! எதனால் விட்டால் என்ன, எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது.

அந்த வருஷம் முழுக்க அக்காவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், தறி ஓடும்போது கை சும்மா சட்டைப்பையைத் துழாவுகிறது, கிராம்பை மென்று மென்று வாயெல்லாம் புண் என்று புலம்புவாள். ஆனாலும் பீடி மட்டும் இல்லை.

அடுத்த ஆடியில் மறுபடி மாலையோடு வந்து என் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுத்தம் பழையபடி, எடையும் பழையபடி. பீடி குடிக்காதவர்கள் பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். பாவாவுக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் அவருக்கு அறுபது முடிந்திருந்தது. அறுபதாம் கல்யாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டவளே நான்தான். அறுபது ஆனால் மேல் வரிசைக்குப் போக வேண்டும். விரல் மேலே போய் நின்ற இடம் ஆரஞ்சு.

"அதே கலரா?" என்றார். கத்தியே பேசுகிறவர், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"பீடிய விடாம இருந்திருந்தா இன்னிக்கு இங்க நின்னிருப்பீங்க, பாவா" என்று சிவப்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

"கிருத்திகை ஆகட்டும். கூட்டாளிங்க காத்துகினு கீறாங்க" என்று எழுந்தார். அடிவாரத்து முதல் பீடியைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. வயசு ஏறியதற்கு அவர் என்ன செய்வார்? நான்தான் என்ன செய்வேன்?

அப்போது அக்கா வாயைத் திறந்தாள். மாலை போட்டவரை அவள் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"உக்காருங்க சாமி. உங்க அண்ணன் போனதுலேர்ந்து, நீங்க இருமும்போதெல்லாம் எழுந்து மூச்சு வருதான்னு கைய வெச்சுப் பாத்துகினு இருந்தேன். இந்த வருஷம்தான் நான் தூங்கறேன்."

பாவா மெல்ல உட்கார்ந்தார். அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அடுத்த ஆடிக்கு என்னை எங்க நிக்க வெப்ப?"

"இதே கட்டத்துலதான், பாவா. நல்லா இருந்தீங்கன்னா."

அட்டையைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஆரஞ்சுக் கட்டத்தின்மேல் தன் விரலை வைத்தார். அக்காவிடம்தான் கேட்டார்.

"அங்கயே நின்னா போதுமா?"

"போதும் சாமி" என்றாள் அக்கா. "அங்கயே இருங்க."