ஜீப் வரும் சத்தம்

எங்கள் ஊரில் ஜீப்புக்காக யாரும் ரோட்டில் போய்க் காத்து நிற்பதில்லை. புளியமரத்து வளைவில் அது முக்கி முக்கி ஏறும் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சரியாக இருக்கும். காலையில் திருப்பத்தூர் சந்தைக்குப் போக அது ஒன்றுதான்.

போன வருஷம் எங்கள் வீடுகளை ஒட்டிய மேட்டில் டேட்டா சென்டர் கட்டப்போவதாக ஒரு கம்பெனிக்காரர் வந்தார். மலைக்குளிரில் கம்ப்யூட்டர்கள் சூடாகாதாம். "பெரிய சத்தமெல்லாம் இருக்காதுங்க. ஃபேன் ஓடும், கரண்ட் போனா ஜெனரேட்டர், அவ்ளோதான்" என்றார். பாதி ஊர் தலையாட்டியது. பக்கத்து வீட்டு அக்கா, மகனுக்கு அங்கே வேலை என்று மனக்கோட்டையே கட்டிவிட்டாள். கிராமசபையில் இவர்கள் சரி என்றால் முடிந்தது கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிராமசபைக்கு முந்தின நாள் காலையில், வாடகை மைக் செட்டையும் அதற்கொரு ஜெனரேட்டரையும் கோயில் முன்னால் வைத்துப் பேச ஆரம்பித்தேன். தண்ணீர், நிலம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டது மைக் செட்டுக்காரரும் இரண்டு நாய்களும்தான்.

அப்போது அக்கா இடுப்பில் பலாப்பழத்தோடு ஓடிவந்தாள். "இன்னாடி பண்ணி வெச்சே? இந்த மிஷினு சத்தத்துல ஜீப்பு வந்து போனதே தெர்லடி! வூட்ல இன்னும் அஞ்சு பழம் கெடக்குது, நாளைக்கித் தாங்காது!"

அவள் பின்னாலேயே ஊர் திரண்டு வந்தது. ஒருவரும் ஜீப்பைப் பிடிக்கவில்லை. பயந்துதான் போனேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"இது ஒண்ணுதான்க்கா, அதுவும் ஒரு மணி நேரம். கம்பெனிக்காரங்க வரிசையா வெப்பாங்க. ஃபேனு நிக்கவே நிக்காது. அப்பறம் ஜீப்பு வர்றது எப்டிக் கேக்கும்?"

அக்கா ஜெனரேட்டரையே பார்த்தாள். "மொதல்ல அத்த நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். அக்கா புளியமரத்து வளைவுப் பக்கம் காது கொடுத்துப் பார்த்தாள். பிறகு அவளே அரிவாள் கேட்டு வாங்கிப் பழத்தை அறுத்தாள். மிச்ச ஐந்தும் வந்தன. கையெல்லாம் பால் பிசுபிசுக்க, சுளையைத் தின்றுகொண்டே கிராமசபைக்கு யார் யாரைக் கூட்டி வருவது என்று பேசி முடித்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். எனக்கு அன்று குரங்கே பிள்ளையாரானது. அவ்வளவு சிரிப்பு!

மறுநாள் கிராமசபையில் வேண்டாமென்று முதலில் எழுந்த கை அக்காவுடையது.

"உங்க பையனுக்கு வேலை வேணாமாங்க?" என்றார் கம்பெனிக்காரர்.

"வோணும்ங்க. வூடு இல்லாத எடமாப் பாத்துக் கட்டுங்க. எம்பையன் ஜீப்புல போய்ட்டு வருவான். அவன் வர்ற சத்தம் எனக்குக் கேக்கணும்."