கேக்கின் நடுவில் விழுந்த குழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஒரு கார்த்திகை மாத அடைமழையின்போது நடந்தது இது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் என் அக்கா வீடு இருந்தது. அத்தானுக்கு ரயில்வேயில் வேலை. ஒரே ஓர் அறை, பின்னால் ஓடு வேய்ந்த சமையல் சார்ப்பு, அவ்வளவுதான் வீடு.

அக்கா இரண்டு பிள்ளைகளைப் பிறந்த சூட்டோடு பறிகொடுத்தவள். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்து, நல்லபடியாக மூன்று மாதம் தாண்டியிருந்தது. மறுநாள் ஞானஸ்நானம். "கேக் நீதான்டி செய்யணும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வயதில் நம்மை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தால் அப்படித்தானே இருக்கும்.

எனக்குக் கேக் செய்யக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அவர் வீட்டில் இரும்புப் பெட்டி மாதிரி ஓர் அடுப்பு உண்டு. வேகும்போது அதன் கதவைத் திறக்கவே கூடாது, காற்றுப் பட்டால் கேக் அமுங்கிவிடும் என்பார். அக்கா வீட்டில் அந்த வசதி ஏது? டேக்சா என்கிற பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, அதற்குள் கேக் மாவு ஊற்றிய தட்டை வைத்து, கீழே கரி அடுப்பு, மூடியின் மேலும் தணல். அன்று சமையல் சார்ப்பு ஒழுகியதால் எல்லாவற்றையும் அறைக்குள் தூக்கி வந்தேன். அடுப்புக்குத்தான் கதவு இல்லை, வீட்டுக்கு இருக்கிறதே என்று கதவையும் ஜன்னலையும் சாத்தி, கதவின் அடியில் கோணியையும் திணித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, அக்கா அத்தானோடு பாதிரியாரைப் பார்க்கப் போயிருந்தாள். நான் முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். பீட்ரூட் சாறு விட்டு, காகிதக் கூம்பில் அடைத்து, குழந்தையின் பெயரைக் கேக்கின் மேல் எழுத வேண்டும். அப்போது வாசலில் யாரோ கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. யாரென்று கேட்டேன்.

"மயைக்கு ஒதுங்கிக்கினு கீறேம்மா. இறாலு கொண்ணாந்தேன். இன்னாம்மா உள்ள, வாசன ஆளத் தூக்குது?"

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மீன்காரிகள் வருவார்கள். ஆனால் இது வழக்கமாக வருகிறவளின் குரல் இல்லை.

"கேக் வேகுது. கதவத் தொறந்தா அமுங்கிடும். குழந்த தூளியில தூங்குது, மெதுவா பேசுங்க."

"காத்தே படக் கூடாதா? அப்ப புள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரின்னு சொல்லு" என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. அடித்து அடித்துக் களைத்துவிட்டேன் என்று நினைத்துச் சுவரில் சாய்ந்தேன். வெளியிலிருந்து அவள் ஏதோ கேட்டாள். பதில் சொன்னதாகத்தான் நினைவு. சொல்லவில்லை போலிருக்கிறது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு சுவரில் மோதியதும், சாரல் முகத்தில் அடித்ததும்தான். நனைந்த சேலையோடு ஒருத்தி என்னைத் தாண்டிப் போய்த் தூளியிலிருந்து குழந்தையை வாரினாள். நாக்குக் குழற அப்போதும் நான் சொன்னது இதைத்தான்: "கதவச் சாத்து, கேக் போயிடும்." அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

குழந்தை அவள் கையில் துணியாகத் துவண்டு கிடந்தது. வெளியே கொண்டுபோய் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைத் தட்டினாள், மழைத்தண்ணீரை முகத்தில் தெளித்தாள். "அழுடி கண்ணு, அழுடி யம்மா" என்று கெஞ்சினாள். நான் தவழ்ந்து வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தேன். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் அக்கா பிழைக்க மாட்டாள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. முதலில் ஒரு முனகல், பிறகு ஓர் இருமல். அப்புறம் குழந்தை வீறிட்டு அழுதது. நானும் சேர்ந்து அழுதேன்.

அதற்குள் அத்தானோடு திரும்பி வந்த அக்கா பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உனக்கு எப்படித் தெரிந்தது என்று அத்தான் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"ஒரு இடி இடிச்சிச்சே நைனா, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சி. உள்ள கொயந்த தூங்குதுன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சி. அந்த இடிக்கு ஒரு கொயந்த அழாம இருக்குமா? கூப்ட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல. அதான் கதவ ஒதச்சிட்டேன்."

எனக்கு அந்த இடி கேட்கவே இல்லை. மூடிய அறையில் கரித்தணல் நச்சுக்காற்றை விடும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அவள் கூடையை நாய்கள் கவிழ்த்ததில் இறாலெல்லாம் சேற்றில் கிடந்தது. அத்தான் கொடுக்க வந்த பணத்தை அவள் வாங்கவில்லை. "அந்தக் கேக்கக் காட்டு, இன்னா அப்டி ஒரு சாமானுன்னு பாக்கலாம்" என்றாள். மூடியைத் திறந்தேன். நடுவில் கையகலக் குழி. ஓரத்தில் வெந்திருந்த இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். நின்றபடியே தின்றாள்.

"நல்லாத்தான் கீது. இதுக்குப் போயி ஊட்ட சாத்திக்கினியே."

மழை விட்டதும் வெறுங்கூடையோடு போய்விட்டாள். அவள் பெயரைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. பிறகு வந்த மீன்காரிகளிடமெல்லாம் விசாரித்தோம். யாருக்கும் தெரியவில்லை, அவளும் திரும்ப வரவில்லை.

மறுநாள் காலை அந்தக் குழியை ஐசிங்கால் நிரப்பி மட்டமாக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். குழியைச் சுற்றி விளிம்பில் பெயரை எழுதினேன். வந்தவர்களில் சிலர் கேக்கைப் பார்த்துக் கேலி செய்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே துண்டு போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவள் பிறந்தநாளுக்கு இன்றும் நான்தான் கேக் செய்கிறேன். மின்சார அடுப்பு வந்த பிறகும், கேக் வேகும் நேரம் எங்கள் வீட்டு வாசல் கதவு திறந்தே இருக்கும். எப்போதாவது நடுவில் அமுங்கினால் அதைச் சரிசெய்ய யாரையும் விடுவதில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு என்னால் செலுத்த முடிந்த நன்றி, அந்தக் குழியை மறைக்காமல் வைப்பது ஒன்றுதான்.